ஆக்சிஜன் சென்சார் கோடு வந்தால் உடனே பாகத்தை மாற்றலாமா?



மளிகைக் கடை நடத்தும் நம்மில் பலரிடமும் இன்று சிறிய பெட்ரோல் வேனோ காரோ இருக்கிறது. மண்டியிலிருந்து சரக்கு எடுக்கவும், ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கவும் அது இல்லாமல் முடிவதில்லை. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய லோடு நிற்கிறது. வாடிக்கையாளர் அடுத்த கடையைப் பார்த்துப் போகிறார். ஆகவே டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தவுடன் பதற்றத்தோடு பட்டறைக்கு ஓடுகிறோம். அங்கே ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் சென்சார் கோடு வருகிறது, சென்சாரை மாற்ற வேண்டும்" என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றுகிறோம். பத்து நாளில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது.

உறுப்பினர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் மெக்கானிக் அல்லன். அரிசி, பருப்பு மொத்த வியாபாரி. எங்கள் கடைக்கு இரண்டு வேன்கள் ஓடுவதால், இதைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஏற்பட்டது. தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

விளக்கு எதற்காக எரிகிறது?

இக்காலப் பெட்ரோல் வண்டிகளில் இன்ஜினைக் கவனிக்க ஒரு சிறு கம்ப்யூட்டர் உண்டு. புகையைப் பாதிக்கும் எந்தப் பாகத்திலாவது கோளாறு தெரிந்தால் அது ஒரு எண்ணைப் பதிவு செய்துகொண்டு விளக்கை எரியவிடுகிறது. அந்த எண்ணைத்தான் கோடு என்கிறோம். இந்த ஏற்பாட்டுக்கு ஓ.பி.டி. என்று பெயர். அமெரிக்காவில் இதன் இரண்டாம் நிலை 1996-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து கட்டாயமாயிற்று. நம் நாட்டில் பி.எஸ். 4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் நிலையும், 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் வந்தன. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிகள் இதை இன்னும் கடுமையாக்கின. எனவே ஓரளவு புதிய வண்டி எதுவானாலும், ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின்கள் உள்ள ஒரு செருகி இருக்கும். ஸ்கேனரை அதில்தான் செருகுகிறார்கள்.

சென்சார் செய்யும் வேலை

பெட்ரோல் ஒழுங்காக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில், தேவை. காற்று கூடினால் கலவை மெலிந்தது என்றும், பெட்ரோல் கூடினால் கலவை தடித்தது என்றும் சொல்லலாம். எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று பார்த்தால் கலவை எப்படி இருந்தது என்பது தெரிந்துவிடும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் ஆக்சிஜன் சென்சாரின் வேலை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சார், 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

பார்ப்பதற்கு அது ஸ்பார்க் பிளக் போலவே இருக்கும். அதன் முனையில் சிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருளும், அதன்மேல் பிளாட்டினப் பூச்சும் உண்டு. ஒருபுறம் புகையும் மறுபுறம் வெளிக்காற்றும் பட, இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப அது சிறு மின்சாரம் தருகிறது. கலவை மெலிந்தால் 0.1 வோல்ட் அளவு; தடித்தால் 0.9 வோல்ட் அளவு. சுமார் 300 டிகிரி சூடு ஏறிய பிறகுதான் அது வேலை செய்யும். வண்டி கிளம்பியவுடன் சீக்கிரம் சூடேறுவதற்காக அதனுள்ளேயே ஒரு ஹீட்டரும் வைத்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் இந்த வோல்ட்டைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். நம் கடையில் கணக்குப்பிள்ளை சொல்லும் இருப்பைப் பார்த்து நாம் கொள்முதல் செய்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை தவறாகச் சொன்னாலும் கொள்முதல் கெடும். அவர் சரியாகச் சொல்லியும், கிட்டங்கியில் சரக்கு கசிந்துகொண்டிருந்தாலும் கெடும். இரண்டும் வேறு வேறு நோய்.

பெரும்பாலான வண்டிகளில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது பெட்ரோல் அளவுக்கு வழிகாட்டுகிறது. பின்னால் இருப்பது முக்கியமாகக் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று மேற்பார்வை பார்க்கிறது.

கோடு எண்ணைப் படிக்கும் முறை

பட்டறையில் "சென்சார் கோடு" என்று பொதுவாகச் சொன்னால் விட்டுவிடாமல் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்ணுக்கு எண் பொருள் வேறு.

பி 0130 – முன் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு.
பி 0131 – அதன் வோல்ட் தாழ்ந்தே இருக்கிறது.
பி 0132 – வோல்ட் உயர்ந்தே இருக்கிறது.
பி 0133 – சென்சார் மெதுவாக மாறுகிறது.
பி 0134 – சென்சாரில் அசைவே இல்லை.
பி 0135 – முன் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு.
பி 0136 முதல் பி 0141 வரை – இதே வரிசை பின் சென்சாருக்கு. இதில் 0141 ஹீட்டர்.
பி 0171 – கலவை மெலிந்திருக்கிறது.
பி 0172 – கலவை தடித்திருக்கிறது.
பி 0420 – கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது.

கோட்டின் விளக்கத்தில் "பேங்க் 1" என்று வரும். இதற்கும் நம் வங்கிக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. சிலிண்டர் வரிசைக்கு அப்படிப் பெயர். நாம் வைத்திருக்கும் சிறிய வண்டிகளில் சிலிண்டர்கள் ஒரே வரிசையில் இருப்பதால் எல்லாம் பேங்க் 1-தான். சென்சார் 1 என்றால் முன்னது. 2 என்றால் பின்னது. முன்னதில் கோளாறு இருக்கப் பின்னதை மாற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆகவே இதைக் கவனிக்க வேண்டும்.

கோடு சொல்வது எதை?

கோடு என்பது புகார். தீர்ப்பு அன்று. பி 0131 என்றால் "வோல்ட் குறைவாக வருகிறது" என்று மட்டுமே பொருள். ஏன் குறைவாக வருகிறது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லவில்லை. சென்சார் செத்திருக்கலாம். ஒயர் பூமியில் தட்டியிருக்கலாம். அல்லது கலவை உண்மையிலேயே மெலிந்திருக்க, சென்சார் அதை நேர்மையாகச் சொல்லியிருக்கலாம். எய்தவன் இருக்க அம்பை நோவது போலத்தான், இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் சென்சாரைக் கழற்றி எறிவது.

சென்சார் நன்றாக இருந்தும் கோடு வருவதற்கான முக்கியக் காரணங்கள் இவை.

முதலாவது, சைலன்சர் குழாயில் சென்சாருக்கு முன்னால் உள்ள கசிவு. கேஸ்கெட் போனாலும், குழாயில் விரிசல் விட்டாலும் புகை வெளியே வருவதோடு வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். அந்த ஆக்சிஜனைச் சென்சார் பார்த்துவிட்டு "கலவை மெலிந்திருக்கிறது" என்று சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். உண்மையில் கலவை தடித்துப்போகும், மைலேஜ் விழும்.

இரண்டாவது, இன்ஜினுக்குள் காற்றுக் கசிவு. ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும், இன்டேக் கேஸ்கெட் போயிருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும்.

மூன்றாவது, பெட்ரோல் பம்ப் பலவீனம், பெட்ரோல் பில்டர் அல்லது இன்ஜெக்டர் அடைப்பு.

நான்காவது, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போவது. எரியாத பெட்ரோலோடு, பயன்படாத ஆக்சிஜனும் வெளியே வரும். சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. ஆகவே இங்கும் "மெலிந்தது" என்றே சொல்லும். பிளக்கும் காயிலும் செய்த குற்றம் சென்சார் மேல் விழுகிறது. கூடவே பி 0300 அல்லது பி 0301, 0302 என்ற வரிசையில் கோடு இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஒயர். நம் தொழிலுக்கு இது மிக நெருங்கிய விஷயம். அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். கிட்டங்கி ஓரத்தில் இரவு நிறுத்தும் வேனில், சூடாக இருக்கும் இன்ஜின் பக்கம் எலி ஏறி ஒயரைக் கடித்துவிடும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-ஆம் ஆண்டிலிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே காற்றுக்குச் சற்று அதிகப் பெட்ரோல் தேவைப்படுகிறது. சென்சார் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டிக்கொள்கிறது. ஆனால் பழைய வண்டியில் பம்போ இன்ஜெக்டரோ ஏற்கெனவே தளர்ந்திருந்தால், சரிக்கட்டும் எல்லையைத் தாண்டி பி 0171 வரக்கூடும்.

சோதிக்க வேண்டிய வரிசை

நல்ல மெக்கானிக் செய்யும் வரிசை இதுதான். நாம் பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

1. கோடுகள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். கோடு விழுந்த நேரத்தில் இன்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். கோட்டை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். ஆகவே எழுதாமல் அழிக்கவே கூடாது. பாட்டரி ஒயரைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இதே கதைதான்.

2. கண்ணால் பார்க்க வேண்டும். சென்சார் ஒயர் சைலன்சரில் பட்டு உருகியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, கனெக்டருக்குள் தண்ணீர் அல்லது பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

3. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, குழாய் இணைப்புகளில் "டப் டப்" என்ற சத்தம் வருகிறதா, கரி படிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அது புகைக் கசிவின் அடையாளம்.

4. ஹீட்டர் கோடு, அதாவது 0135 அல்லது 0141 என்றால், முதலில் பியூஸ். பிறகு கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்ற சோதனை. நான்கு ஒயர் சென்சாரில் ஒரே நிறமாக இருக்கும் இரண்டு ஒயர்கள் பொதுவாக ஹீட்டருடையவை. கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்து அந்த இரண்டுக்கும் நடுவே ஓம் மீட்டர் வைத்தால், குளிர்ந்த நிலையில் சில ஓம்கள் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் ஹீட்டர் உள்ளே அறுந்துவிட்டது. அப்போது சென்சாரை மாற்றுவதுதான் சரி.

5. மற்றக் கோடுகளுக்கு, இன்ஜினை நன்கு சூடாக்கி ஸ்கேனரில் ஓட்ட நிலையைப் பார்க்க வேண்டும். முன் சென்சாரின் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். பின் சென்சார் 0.6, 0.7 என்று ஏறக்குறைய நிலையாக இருக்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால், சந்தேகம் கன்வெர்ட்டர் மேல் போகும். சில புதிய வண்டிகளில் முன் சென்சார் வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது. கம்பெனி தரும் அளவைப் பார்க்க வேண்டும்.

6. இப்போது சென்சாரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் கலவை தடித்து, வோல்ட் 0.8-க்கு மேல் தாவ வேண்டும். இன்டேக் பக்கம் ஒரு சிறு காற்றுக் குழாயைக் கழற்றினால் கலவை மெலிந்து, வோல்ட் 0.2-க்குக் கீழே விழ வேண்டும். இரண்டுக்கும் சென்சார் உடனே பதில் சொன்னால் அது நல்ல சென்சார். குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறான். பதில் சொல்லவில்லை என்றாலும், சோம்பலாகச் சொன்னாலும், ஒயரும் கசிவும் சரியாக இருக்கும் பட்சத்தில் சென்சாரை மாற்றலாம்.

7. ஸ்கேனரில் பெட்ரோல் திருத்தச் சதவீதமும் தெரியும். கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எவ்வளவு கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறது என்ற கணக்கு அது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அதற்கு மேல் கூட்டல் காட்டினால், வண்டியை நிறுத்தி வைத்த நிலையில் ஒருமுறையும், 2500 சுற்றில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். மெதுவாக ஓடும்போது அதிகமாக இருந்து, வேகத்தில் குறைந்தால் காற்றுக் கசிவு. வேகத்திலும் பாரத்திலும் அதிகமானால் பெட்ரோல் பம்ப் அல்லது பில்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். சோதனைக்குக் கூலி கொடுக்க மனமில்லாமல் பாகத்துக்குப் பணம் கொடுப்பது நஷ்டக் கணக்கு.

நடந்த ஒன்று

எங்கள் ஊரில் பருப்பு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் வேனில் பி 0135 வந்தது. ஒரு பட்டறையில் முன் சென்சாரை மாற்றினார்கள். மறுவாரமே விளக்கு எரிந்தது. "புதுச் சென்சாரே மட்டமான சரக்கு" என்று இன்னொன்று போட்டார்கள். அதற்கும் விளக்கு அணையவில்லை. வேறொரு பட்டறையில் இருந்த வயதான மெக்கானிக் சென்சாரைத் தொடவே இல்லை. கனெக்டரில் டெஸ்டரை வைத்தார். 12 வோல்ட் வரவில்லை. பியூஸ் நன்றாக இருந்தது. ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். பாட்டரிக்கு அடியில் எலி கடித்து, ஒரே ஒரு ஒயர் அறுந்திருந்தது. ஒட்டி, உறை போட்டு, கோட்டை அழித்தார். அரை மணி நேர வேலை. இரண்டு சென்சார் வாங்கிய பணமும், ஆறு நாள் வாடகை வண்டிக்குக் கொடுத்த பணமும் நண்பருக்குத் திரும்பி வரவில்லை.

எல்லாப் பட்டறைகளையும் குறை சொல்வதற்கில்லை. அவசரப்படுத்துவது பெரும்பாலும் நாம்தான். "சாயங்காலம் லோடு இருக்கிறது, எதையாவது மாற்றிக் கொடு" என்றால் அவர்கள் எதையாவது மாற்றித்தான் கொடுப்பார்கள்.

விளக்கை எரியவிட்டே ஓட்டலாமா?

"வண்டி ஓடுகிறதே, விளக்குதானே" என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் வேன், லிட்டருக்கு 15 கொடுத்தால் 4 லிட்டர் செலவு. கலவை தடித்து 12 ஆக இறங்கினால் 5 லிட்டர். தினம் ஒரு லிட்டர் கூடுதல். வருடம் 300 நாள் ஓடினால் 300 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 30,000 ரூபாய். சில்லறை மளிகையில் இவ்வளவு லாபம் பார்க்க எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

அது மட்டுமன்று. தடித்த கலவை தொடர்ந்து போனால் கன்வெர்ட்டர் அதிகமாகச் சூடேறிக் கெட்டுவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் உள்ள பாகம் அது. சென்சாரைப் போலப் பல மடங்கு விலை. விளக்கு நிலையாக எரிந்தால், வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பட்டறைக்குப் போக அவகாசம் உண்டு. மினுக் மினுக்கென்று விட்டு விட்டு எரிந்தால் சிலிண்டர் எரியாமல் போகிறது என்று பொருள். பாரத்தை இறக்கி, வண்டியை நிறுத்திவிடுவது நல்லது.

சிலர் விளக்கின் ஒயரையே வெட்டிவிடுகிறார்கள். கடையில் திருட்டு மணி அடித்தால் மணியைக் கழற்றி வைப்பது போன்ற காரியம் இது.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

சென்சார்தான் போய்விட்டது என்று உறுதியானால், உங்கள் வண்டி மாடலுக்கு உரிய பாக எண்ணைச் சொல்லி, பில்லோடு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டியில்லாத சரக்கு வேண்டாம். எதனால் கெட்டது என்றும் கேளுங்கள். இன்ஜின் ஆயில் எரிந்து கரி மூடியிருக்கலாம். கூலன்ட் கசிந்து உள்ளே போயிருக்கலாம். கேஸ்கெட் வைக்கும்போது சாதாரண சிலிக்கன் பசை போட்டிருந்தால் அதன் ஆவியும் சென்சாரைக் கெடுக்கும். காரணத்தை நிறுத்தாமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி உள்ள வண்டியானால் முதலில் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோங்கள்.

கிட்டங்கி ஓரம் வண்டி நிறுத்துபவர்கள், சிந்திய தானியத்தைக் கூட்டி, நல்ல வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

பட்டறையில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒன்று: கோடு எண் என்ன, அது எந்தச் சென்சாரைக் குறிக்கிறது?

இரண்டு: ஒயர், பியூஸ், புகைக் கசிவு, காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பார்த்தாயிற்றா?

மூன்று: கலவையைத் தடித்தும் மெலிந்தும் மாற்றியபோது சென்சார் என்ன பதில் சொன்னது?

இந்த மூன்றுக்கும் தெளிவான விடை சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை நம்பி விடலாம். விடை வராத இடத்தில், "சோதித்துவிட்டுச் சொல்லுங்கள், பிறகு பாகம் வாங்கலாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். சரக்கை எடை போட்டுப் பார்த்துக் கொள்முதல் செய்யும் நாம், வண்டிப் பாகத்தை மட்டும் எடை போடாமல் வாங்க வேண்டியதில்லை.